ஆங்கிலத்தில் நாம் எல்லோரும் ஏன் ஒரே தவறுகளைச் செய்கிறோம்? எதை முதலில் திருத்துவது?

கரும்பலகை:

பெரியவர்களுக்கு மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். எல்லோரும் பள்ளியிலேயே ஆங்கிலம் படித்தவர்கள்தான். விதியைக் கேட்டால் கடகடவென்று ஒப்பிப்பார்கள். ஒரு பத்தி எழுதச் சொன்னால் அந்த விதி கைக்கு வராது. ஒருவர் எழுதிய பத்தியை, அவருடைய அனுமதியோடு, அப்படியே கீழே தருகிறேன்.

'ஐ ஆம் ஒர்க்கிங் இன் திஸ் ஆபீஸ் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ். டெய்லி ஐ வில் கம் அட் நைன். எவ்ரிஒன் ஆர் ஃபிரெண்ட்லி. எஸ்டர்டே மேனேஜர் டோல்ட் தட் வீ வில் டிஸ்கஸ் அபவுட் மை புரமோஷன். ஐ டிடின்ட் வென்ட் டு தி மீட்டிங். ஐ டோன்ட் நோ வாட் இஸ் தி ரிசல்ட்.'

ஆறு வாக்கியம். பிழை இல்லாத வாக்கியம் ஒன்றுகூட இல்லை. ஆனால் இவர் சொல்ல வந்தது நமக்கு முழுதாகப் புரிகிறது. அடுத்த மேசையில் இருப்பவர் எழுதியதிலும் இதே 'சின்ஸ்', இதே 'டிடின்ட் வென்ட்'. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதவில்லை.

என் கேள்வி இரண்டு. எல்லோரும் ஒரே இடத்தில் சறுக்குவது ஏன்? எல்லாவற்றையும் சிவப்பு மையில் திருத்திக் கொடுத்தால் அடுத்த வாரம் பாதிப் பேர் எழுதவே மாட்டேன் என்கிறார்கள். விட்டுவிட்டால் அதுவே பழகிப்போகிறது. அப்படியானால் எதை முதலில் தொடுவது?

---

வேற்றுமை8:

கரும்பலகை மேடம், அந்தப் பத்தியை மெதுவாகத் தமிழில் சொல்லிப் பாருங்கள். முதல் கேள்விக்கு முக்கால்வாசிப் பதில் அதிலேயே இருக்கிறது. அவர் கவனமில்லாமல் எழுதவில்லை. தமிழ் இலக்கணத்தை மிகச் சரியாக ஆங்கிலச் சொற்களில் எழுதியிருக்கிறார்.

முதல் வாக்கியம். 'ஐந்து வருடமாக இங்கே வேலை செய்கிறேன்.' தமிழில் இது நிகழ்காலம். ஐந்து வருடம் முன்பு தொடங்கி இன்றும் தொடர்கிறது என்பதை 'ஆக' மட்டுமே சொல்லிவிடும். வினைச்சொல் மாறத் தேவையில்லை. ஆங்கிலத்தில் வினையும் மாறியாக வேண்டும்: 'ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்.' பலர் 'சின்ஸ்' என்பதை 'ஃபார்' ஆக்கிவிட்டு 'ஆம் ஒர்க்கிங்' என்பதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அது பாதித் திருத்தம்.

'சின்ஸ்', 'ஃபார்' குழப்பத்துக்கு நான் சொல்லும் வழி இதுதான்: தமிழில் 'ஆக' வந்தால் 'ஃபார்', 'முதல்' வந்தால் 'சின்ஸ்'. ஐந்து வருடமாக, இரண்டு மணி நேரமாக, ரொம்ப நாளாக: எல்லாம் 'ஃபார்'. 2019 முதல், திங்கட்கிழமை முதல், காலை முதல்: எல்லாம் 'சின்ஸ்'. நாம் பேசும்போது இந்த இரண்டையும் ஒருபோதும் குழப்பிக்கொள்வதில்லை. இருக்கிற அறிவைப் பயன்படுத்திக்கொண்டால் போதும்.

இரண்டாவது வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்தது. 'தினமும் ஒன்பது மணிக்கு வருவேன்.' தமிழில் வழக்கமாகச் செய்வதைச் சொல்ல எதிர்கால வினை சரளமாக வரும். 'காலையில் நடப்பேன்', 'ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பேன்', 'அவர் புகை பிடிக்க மாட்டார்'. இவை எவையும் நாளை நடக்கப்போகிறவை அல்ல, பழக்கங்கள். ஆனால் 'வருவேன்' என்றால் 'வில் கம்' என்றுதானே பள்ளியில் படித்தோம்? அதனால் 'டெய்லி ஐ வில் கம்' வந்துவிடுகிறது. ஆங்கிலத்துக்கு இங்கே வெறும் 'ஐ கம் அட் நைன் எவ்ரி டே' போதும். 'ஹி வில் நாட் ஸ்மோக்' என்றால் கேட்கும் ஆங்கிலேயர், இவர் இனிமேல் புகைக்க மாட்டாராம், அல்லது புகைக்கச் சொன்னால் மறுக்கிறாராம் என்று எடுத்துக்கொள்வார். 'ஹி டஸ்ன்ட் ஸ்மோக்' என்றால்தான் பழக்கம் இல்லாதவர் என்று ஆகும்.

மூன்றாவது: 'எல்லோரும் நன்றாகப் பழகுகிறார்கள்.' நமக்கு 'எல்லோரும்' பன்மை, 'ஒவ்வொருவரும்' என்று ஆரம்பித்தாலும் 'வந்தார்கள்' என்றே முடிக்கிறோம். ஆங்கில 'எவ்ரிஒன்' ஒருமை. 'எவ்ரிஒன் இஸ் ஃபிரெண்ட்லி.'

நான்காவது: 'பேசுவோம் என்று மேனேஜர் சொன்னார்.' நம்முடைய 'என்று' பேசியவர் வாயிலிருந்து வந்த சொல்லை மாற்றாமல் அப்படியே ஏந்திக்கொள்ளும். ஆங்கில 'தட்' அப்படியில்லை. நேற்றுச் சொன்னது என்றால் உள்ளே இருக்கும் காலமும் பின்னால் நகரும், 'வில்' என்பது 'வுட்' ஆகும். சொன்ன விஷயம் இன்னும் நடக்காமல் வரப்போகிறதாக இருந்தால் 'வில்' அப்படியே இருக்கலாம். இவருடைய கூட்டம் முடிந்துவிட்டது, அதனால் 'வுட்'. கூடவே இன்னொன்று: 'டோல்ட்' என்றால் யாரிடம் என்று உடனே சொல்ல வேண்டும், 'டோல்ட் மீ'. ஆளைச் சொல்ல விருப்பம் இல்லையென்றால் 'செட்'. 'மேனேஜர்' முன்னால் 'தி' விட்டுப்போயிருக்கிறது. 'தி' தனிக் கதை.

மீதி இரண்டு வாக்கியத்தை வேறு யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்.

---

தும்பி:

நான் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். 'டிடின்ட் வென்ட்' தவறு என்று தெரியும், ஆனால் வேகமாகப் பேசும்போது தானாக வந்துவிடுகிறது. 'டஸ் ஹி கோஸ்' கூட. ஏன் தவறு என்று யாராவது புரிகிற மாதிரி சொல்லுங்களேன். 'டிட்' வந்தால் முதல் வடிவம் என்று மனப்பாடம் செய்தது எனக்கு உதவவில்லை. இன்னொன்று, 'ஐ டிட் ஃபினிஷ் இட்' என்று ஒருவர் பேசியதைக் கேட்டேன். அது சரியா?

---

எழுத்தாணி:

தும்பி, ஆங்கில வாக்கியத்தில் காலத்தை ஒரே ஒரு சொல்தான் சுமக்கும். 'ஐ வென்ட்' என்பதில் 'வென்ட்' சுமக்கிறது. எதிர்மறை ஆக்கவோ கேள்வி கேட்கவோ 'டூ' என்ற துணைவினையைக் கூப்பிடுகிறோம். வந்ததும் காலத்தை அது வாங்கிக்கொண்டு 'டிட்' ஆகிவிடுகிறது. காலத்தைக் கொடுத்துவிட்ட வினை பழையபடி 'கோ' ஆகிறது. 'டிடின்ட் வென்ட்' என்றால் இறந்த காலத்தை இரண்டு முறை சொன்னதாக ஆகும். 'டஸ் ஹி கோஸ்' என்பதிலும் இதேதான். அந்த 'ஸ்' என்ற ஒலியை 'டஸ்' எடுத்துக்கொண்டது, மறுபடியும் 'கோஸ்' எதற்கு? 'ஹி டஸ்ன்ட் நோ', 'டிட் ஷி கால்?'

இதையே கொஞ்சம் நீட்டினால் 'கேன்', 'மஸ்ட்', 'ஷுட்', 'வில்' எல்லாவற்றுக்குப் பின்னும் வினை ஏன் வெறுமையாக வருகிறது என்பதும் விளங்கிவிடும். 'ஹி கேன் ஸ்விம்ஸ்' என்று யாரும் சொல்லக்கூடாது என்பதற்கும் காரணம் இதுதான்.

தமிழில் இந்தச் சிக்கலே கிடையாது. 'போகவில்லை' என்ற சொல்லைப் பாருங்கள். நேற்று நான் போகவில்லை, இன்று அவள் போகவில்லை, அவர்கள் போகவில்லை. ஆள் மாறினாலும் நாள் மாறினாலும் சொல் அசையாது. காலமும் ஆளும் தெரியாத ஒரு சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது, காலத்தை எங்காவது காட்டிவிட வேண்டும் என்ற பதற்றத்தில் இரண்டு இடத்திலும் காட்டிவிடுகிறோம்.

'ஐ டிட் ஃபினிஷ் இட்' மிகச் சரி. 'நீ முடிக்கவே இல்லை' என்று ஒருவர் சொல்லும்போது 'முடித்தேனே!' என்று அழுத்திச் சொல்வதற்கு உரியது. நம்முடைய ஏகாரம் செய்யும் வேலையை அங்கே 'டிட்' செய்கிறது. சாதாரணமாகச் சொல்லும்போது 'ஐ ஃபினிஷ்ட் இட்' போதும்.

அழுத்தம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 'நேற்றுதான் சொன்னேன்' என்பதை 'ஐ டோல்ட் எஸ்டர்டே ஒன்லி' என்கிறோம். நம் 'தான்' எதன் பின்னாலும் ஒட்டும். அதன் வேலை முழுவதையும் 'ஒன்லி' செய்யாது. 'ஐ டோல்ட் யூ ஜஸ்ட் எஸ்டர்டே' என்று சொல்லலாம். 'அவன்தான் உடைத்தான்' என்றால் 'இட் வாஸ் ஹிம் ஹூ புரோக் இட்', இல்லாவிட்டால் குரலை 'ஹி' மேல் அழுத்தினாலே போதும்.

---

நடைவண்டி:

மன்னிக்கவும், நான் மாறுபடுகிறேன். சிறு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் நான். தமிழில் இப்படி, ஆங்கிலத்தில் அப்படி என்று ஒப்பிட்டுக்கொண்டே போனால் பிள்ளைகள் ஒவ்வொரு வாக்கியத்தையும் மனதுக்குள் மொழிபெயர்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள். அந்தப் பழக்கத்தை உடைக்கத்தான் நாம் பாடுபட வேண்டும். நிறையக் கேட்கட்டும், நிறையப் படிக்கட்டும். தவறு தானாக உதிர்ந்துவிடும்.

எல்லாத் தவறுக்கும் தமிழைக் காரணம் காட்டுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. 'ஹி கோஸ்' என்பதில் 'ஸ்' விடுவதற்குத் தமிழ் எப்படிக் காரணம்? தமிழில் போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள் என்று ஒவ்வோர் ஆளுக்கும் விகுதி உண்டு. ஆங்கிலத்தை விடப் பல மடங்கு. அப்படிப் பார்த்தால் அந்த ஒரே ஒரு 'ஸ்' நமக்கு மிக எளிதாக வந்திருக்க வேண்டும்.

---

வேற்றுமை8:

நடைவண்டி சார், 'ஸ்' பற்றி நீங்கள் சொன்னது முற்றிலும் உண்மை. அது தமிழர் தவறு அல்ல, உலகம் முழுக்க ஆங்கிலம் கற்கிறவர்கள் தவறவிடுவது. ஹெய்டி டுலே, மரினா பர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1974இல், ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகளும் சீன மொழி பேசும் பிள்ளைகளும் ஆங்கிலம் கற்பதை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தாய்மொழி இரண்டுக்கும் தொடர்பே இல்லை. ஆனாலும் ஆங்கிலத்தின் சிறு சிறு விகுதிகளை அவர்கள் கைவசப்படுத்திய வரிசை ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. அந்த வரிசையில் 'ஸ்' பின்னால்தான் வருகிறது. 'ஹி' என்று சொன்ன பிறகு 'ஸ்' இல்லாவிட்டாலும் பொருள் கெடுவதில்லை, அதனால் காதும் அதைத் தேடுவதில்லை. இந்த மாதிரித் தவறைத் திட்டுவதில் பயன் இல்லை. நாளாக நாளாகத்தான் சரியாகும்.

ஆனால் பெரியவர்கள் விஷயம் வேறு. ஒப்பிட வேண்டாம் என்று நாம் சொன்னாலும் அவர்கள் ஒப்பிடத்தான் செய்வார்கள். அரைகுறையாக ஒப்பிடுவதை விட முழுதாக ஒப்பிட்டுவிடுவது நல்லது. தவிர, தமிழ் நமக்குக் கைகொடுக்கும் இடங்களும் இருக்கின்றன, அதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. 'இஃப் இட் வில் ரெயின்' என்று பலர் எழுதுகிறார்கள். தமிழில் என்ன சொல்கிறோம்? 'நாளை மழை பெய்தால்.' நாளைக்குப் பெய்யப்போகிற மழைதான், ஆனாலும் 'பெய்தால்' என்பதில் எதிர்காலம் இல்லை. ஆங்கிலமும் அதையேதான் கேட்கிறது: 'இஃப் இட் ரெயின்ஸ் டுமாரோ'. இங்கே இரண்டு மொழியும் ஒரே பக்கம் நிற்கின்றன.

'வென் ஹி வில் கம்' மட்டும் தமிழிலிருந்து வருவது. 'அவர் வரும்போது' என்பதில் உள்ள 'வரும்' எதிர்காலப் பெயரெச்சம். ஆங்கிலம் 'வென் ஹி கம்ஸ்' என்றுதான் சொல்லும்.

---

எழுத்தாணி:

கரும்பலகை கேட்ட இரண்டாவது கேள்விக்கு இன்னும் யாரும் வரவில்லை.

மொழியியலாளர் பிட் கார்டர் 1967இல் ஒரு வேறுபாட்டை முன்வைத்தார். தெரிந்தே வாய் தவறி வருவது ஒன்று. தெரியாததால் வருவது இன்னொன்று. இரண்டாவது வகை, கற்பவர் மனதில் இப்போது எந்த இலக்கணம் ஓடுகிறது என்பதை நமக்குக் காட்டிக்கொடுக்கிறது. அதனால் ஆசிரியருக்கு அது மதிப்புள்ள தகவல் என்றார் அவர். இதை வகுப்பில் பயன்படுத்துவது எளிது. தவறான சொல்லின் கீழே ஒரு கோடு மட்டும் போட்டுத் தாளைத் திருப்பிக் கொடுங்கள். விடை எழுதாதீர்கள். அவரே பார்த்துச் சரி செய்துவிட்டால் அது வாய் தவறியது, அதை மறந்துவிடலாம். விழித்தால் அங்கே பாடம் நடத்த வேண்டும். உங்கள் மாணவர் 'டிடின்ட் வென்ட்' என்பதை அநேகமாகத் தானே சரி செய்துவிடுவார். 'டெய்லி ஐ வில் கம்' என்பதில் என்ன குறை என்று அவருக்குத் தெரியவே தெரியாது. சிவப்பு மையில் இரண்டும் ஒரே மாதிரி தெரிவதுதான் சங்கடம்.

பேச்சில் திருத்துவதற்கும் ஒன்று சொல்ல வேண்டும். மாணவர் தவறாகச் சொன்னதை ஆசிரியர் சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டு மேலே போவது வழக்கம். 'ஐ கோ தேர் எஸ்டர்டே.' 'ஓ, யூ வென்ட் தேர்?' மரியாதையான முறை, பேச்சும் தடைப்படாது. 1997இல் ராய் லிஸ்டரும் லைலா ரான்டாவும் பிரெஞ்சு கற்பிக்கும் வகுப்புகளில் இதைக் கவனித்தபோது, ஆசிரியர்கள் மிக அதிகமாகக் கையாண்ட முறை இதுதான் என்பதும், மாணவர் தானாகத் திருத்திக்கொள்வதற்கு மிகக் குறைவாக உதவியதும் இதுதான் என்பதும் தெரிந்தது. மாணவர் அதைத் திருத்தமாகவே எடுத்துக்கொள்வதில்லை. ஆசிரியர் ஆமோதிக்கிறார் என்று நினைத்துக்கொள்கிறார். 'மறுபடி சொல்லுங்க, எஸ்டர்டே என்றீர்களே?' என்று நிறுத்திக் கேட்டால் அவரே தேடி எடுப்பார்.

எழுத்தில் இலக்கணத் திருத்தமே வேண்டாம் என்று 1996இல் ஜான் டிரஸ்காட் கடுமையாக வாதிட்டார். டானா ஃபெரிஸ் அதை மறுத்து எழுதினார். அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. என் கருத்து: ஒரு தாளில் ஒரே வகைத் தவறை மட்டும் எடுங்கள். இந்த வாரம் முழுக்க 'வில்' மட்டும். மற்றதைக் கண்டும் காணாமல் விடுங்கள். பொருளைக் கெடுக்கும் தவறிலிருந்து ஆரம்பியுங்கள். 'எவ்ரிஒன் ஆர்' யாரையும் குழப்பாது. ஆனால் வேலைக்கான நேர்காணலில் 'ஐ ஒர்க்ட் தேர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்று ஒருவர் சொன்னால், இப்போது அங்கே வேலையில் இல்லை என்று அர்த்தமாகிவிடும். அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார் என்றால் அந்த ஒரு வினை முழு உரையாடலையும் திசைமாற்றிவிடும்.

---

இரவுப்பறவை:

'கண்டும் காணாமல் விடுங்கள்' என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் தினமும் வெளியாட்களுக்கு மெயில் எழுதுகிறவன். எனக்கு அரைகுறைத் திருத்தம் வேண்டாம், முழுதும் வேண்டும். வகுப்பில் 'பரவாயில்லை, புரிகிறது' என்று விட்டுவிட்ட தவறுக்கு வேலை இடத்தில் நாங்கள்தான் தலைகுனிகிறோம். புரிந்தால் போதும் என்பது கற்பிக்கிறவர் சொல்கிற வார்த்தை. எழுதுகிறவன் தன்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது.

எங்கள் குழுவில் திரும்பத் திரும்ப வருபவை: 'டிஸ்கஸ் அபவுட்', 'எக்ஸ்பிளெயின் மீ', 'சஜஸ்ட் மீ', 'ரிட்டர்ன் பேக்', 'லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ'. இவை ஏன் தவறு என்று ஒரே இடத்தில் சொன்னால் நன்றாக இருக்கும்.

---

எழுத்தாணி:

அனுப்பப்போகிற மெயிலுக்கு முழுத் திருத்தம் வேண்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. நான் சொன்னது பயிற்சிக்கு எழுதும் தாளைப் பற்றி. இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம்.

நீங்கள் கேட்டவை. 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குள்ளேயே 'பற்றி' இருக்கிறது. 'டிஸ்கஸ் தி பிளான்' அவ்வளவுதான். 'டாக்', 'ஸ்பீக்' இரண்டுக்குத்தான் 'அபவுட்' தேவை. 'ரிட்டர்ன்' என்பதில் 'திரும்ப' இருக்கிறது, அதனால் 'பேக்' மிகை. 'எனக்கு விளக்குங்கள்' என்பதிலிருந்து 'எக்ஸ்பிளெயின் மீ' வருகிறது. 'கிவ் மீ', 'ஷோ மீ', 'டெல் மீ' என்று சொல்லலாம், ஆனால் 'எக்ஸ்பிளெயின்' அந்தக் கூட்டத்தில் சேராது: 'எக்ஸ்பிளெயின் இட் டு மீ'. 'சஜஸ்ட்' அதே வகை; 'சஜஸ்ட் எ குட் புக் டு மீ', அல்லது 'குட் யூ சஜஸ்ட் எ குட் புக்?' என்று ஆளையே விட்டுவிடலாம். எதிர்ப்பக்கம் ஒன்று: 'அவனிடம் சொன்னேன்' என்பதால் 'ஐ டோல்ட் டு ஹிம்' என்கிறோம். அங்கே 'டு' கூடாது. 'செட் டு ஹிம்' மட்டும் சரி.

கடைசியானது கொஞ்சம் வேறு. 'லுக்கிங் ஃபார்வர்ட் டு' என்பதில் உள்ள 'டு' வினையோடு சேர்ந்து வரும் 'டு' அல்ல. அதன் பின்னால் பெயர்ச்சொல் வர வேண்டும்: 'லுக்கிங் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை'. வினையைப் போட விரும்பினால் அதைப் பெயராக்க வேண்டும், 'டு மீட்டிங் யூ'. சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். பொருந்தினால் 'இங்' போடலாம்.

---

தும்பி:

'தி' தனிக் கதை என்று சொல்லிவிட்டு விட்டுவிட்டீர்களே. எனக்கு மிகப் பெரிய தலைவலி அதுதான். எங்கே 'எ', எங்கே 'தி', எங்கே ஒன்றுமே இல்லை? 'தமிழில் இது இல்லை, பழகிக்கொள்' என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

---

வேற்றுமை8:

'தி' என்ற சொல் தமிழில் இல்லை. அது செய்யும் வேலை தமிழில் உண்டு. இந்த இரண்டு வாக்கியத்தையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்:

நேற்று புத்தகம் வாங்கினேன்.
நேற்று புத்தகத்தை வாங்கினேன்.

இரண்டாவதைக் கேட்டதும் 'ஓ, அந்தப் புத்தகத்தையா? வாங்கிவிட்டாயா?' என்று கேட்கத் தோன்றும். எந்தப் புத்தகம் என்பது நம் இருவருக்கும் ஏற்கெனவே தெரியும். முதல் வாக்கியத்தில் ஏதோ ஒரு புத்தகம். இந்த வேறுபாட்டை யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை, ஆனாலும் மூன்று வயதுப் பிள்ளைகூடப் பிசகாமல் பேசுகிறது. ஆங்கிலத்தில் முதலாவது 'ஐ பாட் எ புக்', இரண்டாவது 'ஐ பாட் தி புக்'. உயிரற்ற பொருளுக்குச் செயப்படுபொருள் இடத்தில் 'ஐ' உருபு வருமா வராதா என்று பாருங்கள். வந்தால் பெரும்பாலும் 'தி'. 'கதவைச் சாத்து', 'குளோஸ் தி டோர்'. 'கடிதம் எழுதுகிறான்', 'ஹி இஸ் ரைட்டிங் எ லெட்டர்'. 'கடிதத்தைக் கிழித்தான்', 'ஹி டோர் தி லெட்டர்'.

இது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ஆட்களுக்குத் தமிழில் பெரும்பாலும் 'ஐ' உருபு வேண்டும், அதனால் அங்கே இந்தச் சோதனை செல்லாது. எழுவாய் இடத்திலும் உதவாது. அங்கே நேராகக் கேட்டுக்கொள்ளுங்கள்: நான் எதைச் சொல்கிறேன் என்று கேட்பவருக்குத் தெரியுமா? மேனேஜர் என்றால் எந்த மேனேஜர் என்று எதிரில் இருப்பவருக்குத் தெரியும், அதனால் 'தி மேனேஜர்'. ஒன்றுமே போடாத இடம், பொதுப்படையாகப் பேசும்போது: 'புக்ஸ் ஆர் எக்ஸ்பென்சிவ்', 'ஹானஸ்டி மேட்டர்ஸ்'. 'தி புக்ஸ் ஆர் எக்ஸ்பென்சிவ்' என்றால் மேசைமேல் இருக்கிற குறிப்பிட்ட சில புத்தகங்கள்.

'எ', 'ஆன்' இரண்டும் எழுத்தைப் பார்ப்பதில்லை, ஒலியைப் பார்க்கின்றன. 'ஆன் அவர்', ஏனென்றால் எழுத்தில் 'ஹெச்' இருந்தாலும் ஒலிப்பதில்லை. 'எ யுனிவர்சிட்டி', ஏனென்றால் அந்தச் சொல் 'ய்' என்ற மெய்யொலியோடு தொடங்குகிறது. 'ஆன் எம்பிஏ', 'எ யூரோப்பியன்'.

கரும்பலகை மேடத்துக்கு ஒன்று: 'தி' பிழைகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். தாய்மொழியில் இப்படி ஒரு சொல் இல்லாதவர்களுக்கு, ஆங்கிலம் நன்றாக வந்த பிறகும் கடைசி வரை தொல்லை தருவது இதுதான்.

---

கரும்பலகை:

'புத்தகம் வாங்கினேன், புத்தகத்தை வாங்கினேன்' இன்று வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். கேட்டவுடன் இரண்டு பேர் தங்கள் பழைய தாளை எடுத்துத் தாங்களே 'தி' சேர்க்க ஆரம்பித்துவிட்டார்கள். மனதுக்கு மிகவும் நிறைவாக இருந்தது. 'ஐ டோன்ட் நோ வாட் இஸ் தி ரிசல்ட்' மட்டும் பாக்கி. இதில் என்ன தவறு என்பதை ஒருவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

---

எழுத்தாணி:

தமிழில் நேர்க்கேள்வி 'முடிவு என்ன?'. அதை இன்னொரு வாக்கியத்துக்குள் வைத்தால் 'முடிவு என்ன என்று தெரியவில்லை'. உள்ளே போன கேள்வி ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஆங்கிலத்தில் கேள்வி கேட்கும்போது மட்டும் 'இஸ்' முன்னால் குதிக்கும்: 'வாட் இஸ் தி ரிசல்ட்?' அதையே 'ஐ டோன்ட் நோ' உள்ளே வைத்துவிட்டால் அது கேள்வியாக இருப்பதில்லை, தகவல் ஆகிவிடுகிறது. அதனால் சாதாரண வரிசைக்குத் திரும்புகிறது: 'ஐ டோன்ட் நோ வாட் தி ரிசல்ட் இஸ்.' 'டூ' போட்ட கேள்வி என்றால் அந்த 'டூ' மறைந்தே போகும். 'வேர் டஸ் ஹி லிவ்?' ஆனால் 'டெல் மீ வேர் ஹி லிவ்ஸ்'. 'ஸ்' மறுபடியும் வினைக்கே வந்துவிட்டது, கவனியுங்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதனால் வீணாகும் உழைப்பைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. தவறே அல்லாதவற்றைத் திருத்துவதில் பலர் நேரம் செலவிடுகிறார்கள். வாக்கியம் 'ஆன்', 'வித்', 'ஃபார்' போன்ற சொல்லில் முடியக்கூடாது என்பது அவற்றில் ஒன்று. 17ஆம் நூற்றாண்டில் கவிஞர் ஜான் டிரைடன் அதைக் குறையாகச் சொன்னார். அதற்கு முன்னும் பின்னும் ஆங்கிலேயர்கள் அப்படித்தான் பேசிவருகிறார்கள். 'ஹூ ஆர் யூ வெயிட்டிங் ஃபார்?' முழுக்கச் சரியான வாக்கியம். 'அண்ட்', 'பட்' இரண்டில் வாக்கியத்தைத் தொடங்கலாம். ஆணா பெண்ணா என்று தெரியாத ஒருவரை 'தே' என்று சொல்வது புதுப் பழக்கம் என்று நினைக்கிறார்கள்; 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்திலேயே அது இருக்கிறது. 'ஐ ஆம் ஹேவிங்' என்று பார்த்தவுடன் அடிக்கிற ஆசிரியர்களும் உண்டு. 'ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்' தவறு, ஏனென்றால் அது ஒரு நிலை. 'ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்' சரி, ஏனென்றால் அது ஒரு செயல். 'நோ', 'அண்டர்ஸ்டாண்ட்', 'வான்ட்' மூன்றுக்கும் இதே யோசனைதான்: நிலையைச் சொன்னால் 'இங்' வேண்டாம்.

சரியாக எழுதியவரைத் திருத்தினால் அவர் அடுத்த முறை தனக்குத் தெரிந்ததையே சந்தேகப்படுவார். 'மீ' எங்கே வந்தாலும் தவறு என்று மிரட்டப்பட்டவர்கள்தான் 'பிட்வீன் யூ அண்ட் ஐ' என்று எழுதுகிறார்கள். அங்கே 'மீ' தான் சரி.

---

நடைவண்டி:

கடைசிப் பத்தியை முழு மனதோடு ஏற்கிறேன். பெரியவர்களுக்கு ஒப்பீடு உதவுகிறது என்பதையும் ஏற்கிறேன். பிள்ளைகளுக்கு வேண்டாம் என்ற கருத்தில் மட்டும் மாற்றம் இல்லை. 'டிட் யூ கோ?' என்பதை அவர்கள் ஒரு விளையாட்டில் திரும்பத் திரும்பக் கேட்டும் சொல்லியும் பழகினால், துணைவினை என்ற சொல்லே தெரியாமல் சரியாகப் பேசுவார்கள்.

---

தும்பி:

கடைசியாக ஒன்று. 'ஐ யூஸ்ட் டு வேக் அப் அட் ஃபைவ்' என்று என் தினசரி வழக்கத்தைப் பற்றி எழுதியிருந்தேன். பயிற்சித் தாளில் அடித்துவிட்டார்கள், காரணம் எழுதவில்லை.

---

வேற்றுமை8:

'யூஸ்ட் டு' என்றால் முன்பு அந்தப் பழக்கம் இருந்தது, இப்போது இல்லை. 'ஐந்து மணிக்கு எழுந்துகொண்டிருந்தேன், இப்போது எழுவதில்லை' என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். இன்றும் தொடரும் பழக்கத்துக்கு வெறும் 'ஐ வேக் அப் அட் ஃபைவ்'. வேண்டுமானால் நடுவில் 'யூஷுவலி' சேர்க்கலாம். 'ஐ ஆம் யூஸ்ட் டு வேக்கிங் அப் அட் ஃபைவ்' என்பது மூன்றாவது பொருள்: ஐந்து மணிக்கு எழுவது எனக்குப் பழகிவிட்டது, சிரமமாக இல்லை. அதில் வரும் 'டு' எழுத்தாணி மேலே சொன்ன அதே 'டு', அதனால்தான் 'வேக்கிங்'. கேள்வியாகக் கேட்கும்போது 'டிட் யூ யூஸ் டு' என்று எழுதுங்கள். காலத்தை 'டிட்' வாங்கிக்கொண்டது, 'யூஸ்ட்' என்பதில் இருந்த கடைசி எழுத்து போய்விடும்.